20 மாதம் ஆகிறது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. காத்திருக்கலாமா?

திண்டுக்கல் அம்மா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் எழுதத் துணிவு வந்தது.

என் மகனுக்கு 20 மாதம். முதல் குழந்தை. சுகப்பிரசவம். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது எல்லாம் அந்தந்த மாதத்தில்தான். 13 மாதத்தில் "தாத்தா", அப்புறம் பாலுக்கு "பா" என்று இரண்டு சொற்கள் வந்தன. 16 மாதம் வாக்கில் இரண்டும் நின்றுவிட்டன. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால், எந்த நாளில் நின்றது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. ஆனால் பக்கத்து அறை டிவியில் ஒரு குறிப்பிட்ட விளம்பர இசை வந்தால் எங்கிருந்தாலும் ஓடிவருவான். பிஸ்கட் கவர் பிரிக்கும் சத்தம் கேட்கிறது. எவர்சில்வர் டப்பா மூடியைத் தரையில் சுழலவிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, அது படபடவென்று அடங்கும்வரை பார்ப்பான். அடங்கியதும் மறுபடி. ஒரு மணிநேரம்கூடப் போகும். தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், என் கையைத் தூக்கிச் சொம்பின் மேல் வைப்பான். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மாமியார், "இவங்க அப்பனும் மூணு வயசு வரைக்கும் வாயே திறக்கலை, ஆம்பளைப் புள்ளை அப்படித்தான்" என்கிறார். தினமும் வசம்பு உரைத்து நாக்கில் தடவுகிறார். காட்டிய குழந்தை மருத்துவரும் மூன்று வயது வரை பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். வீட்டில் நான் மட்டும்தான் பயப்படுகிறேன். வீண் பயமா இது?

கடலூர் தகப்பன்

வீண் பயம் இல்லை சகோதரி. எங்களுக்கும் இதே "மூன்று வயது வரை பார்ப்போம்" என்ற பதில்தான் கிடைத்தது. பார்த்தோம். மகளுக்கு ஆட்டிசம் என்று எழுதிக் கையில் கொடுத்தபோது அவளுக்கு நான்கே கால் வயது. பெண் குழந்தை, அமைதியாக ஒரு மூலையில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அந்த இரண்டு வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

மூன்று வயதுக்குக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே நகருங்கள்.

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை

14 ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். இங்கே எழுதுவதை வைத்து யாரும் உங்கள் மகனுக்கு ஆட்டிசம் உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உடனே பார்க்க வேண்டியதா என்றால், ஆம், உடனே.

குடும்பத்தில் எல்லோரும் "பேசவில்லை" என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் "அப்பனும் லேட்டாதான் பேசினான்" என்று சொல்லி அடக்கிவிட முடிகிறது. நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது பேச்சு இல்லை. அவன் உங்கள் கையை ஒரு கரண்டியைப் போல எடுத்துப் பயன்படுத்துகிறான், முகத்தைப் பார்க்கவில்லை என்பதுதான். அடுத்தது, வந்த சொற்கள் போய்விட்டன என்பது. எந்த வயதிலும், கற்ற சொல்லோ சிரிப்போ டாட்டா காட்டுவதோ தொலைந்தால் காத்திருக்கவே கூடாது.

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோமே, அப்போது என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் விரலை நீட்டுகிறீர்கள். குழந்தை உங்கள் விரலோடு நின்றுவிடாமல், அது போகும் திசையில் மேலே பார்க்கிறது. நிலாவைக் கண்டதும் உங்கள் முகத்துக்குத் திரும்பி, "நீயும் பார்த்தாயா" என்பது போல ஒரு பார்வை. அந்த இடைவெளியில் ஒரு வாய் சோறு உள்ளே போகிறது. ஒரு பொருளை இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பது என்ற இந்தச் சின்ன விஷயத்தின் மேல்தான் பின்னால் பேச்சே கட்டப்படுகிறது. ஒன்பது மாதக் குழந்தை பெயர் சொன்னால் திரும்ப வேண்டும். ஒன்றே கால் வயதில் வேண்டியதைக் கேட்க விரல் நீட்ட வேண்டும். ஒன்றரை வயதில், வேண்டும் என்பதற்காக இல்லாமல் சும்மா காட்டுவதற்காகவே நாயையோ பஸ்ஸையோ சுட்டிக்காட்ட வேண்டும். இவையெல்லாம் பேச்சுக்கு முன்னால் வருபவை. இவை இருந்து பேச்சு மட்டும் தாமதம் என்றால் அது வேறு கதை. இவையும் இல்லையென்றால் பேச்சுக்காகக் காத்திருப்பதில் பொருளே இல்லை.

எம்-சாட் என்று 20 கேள்விகள் உள்ள ஒரு படிவம் இருக்கிறது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான கேள்விகளுக்கு "இல்லை" என்றால் ஒரு மதிப்பெண். 2, 5, 12 ஆகிய மூன்றுக்கு மட்டும் தலைகீழ், "ஆம்" என்றால்தான் மதிப்பெண். இதைக் கவனிக்காமல் தப்பாகக் கூட்டிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மொத்தம் 2 வரை என்றால் பயமில்லை, ஆனால் இரண்டு வயதுக்குள் செய்தது என்றால் இரண்டு வயதானதும் மறுபடி செய்ய வேண்டும். 3 முதல் 7 என்றால் தொடர் கேள்விகள் கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக நிபுணரிடம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காது. பிஸ்கட் கவர் சத்தம் கேட்கிறது என்பது சோதனை ஆகாது. பெரா என்று காது கேட்கிறதா என்று ஒயர் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள்.

நிதானம்

எல்லோரும் சேர்ந்து ஒரு தாயைப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அண்ணன் மகள் மூன்று வயது வரை பேசவில்லை, இப்போது எட்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண். இரண்டு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு ஒரு பெயரை ஒட்டிவிட்டால் அது ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். நாளைக்குப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள், சொந்தக்காரர்கள் வேறு மாதிரி பார்ப்பார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மொபைல்தான் நோய். மொபைலைப் பிடுங்கிவிட்டு, நாலு பிள்ளைகளோடு விளையாட விடுங்கள், சரியாகிவிடும்.

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை

நிதானம் ஐயா, உங்கள் அண்ணன் மகள் விரல் நீட்டிக் காட்டியிருப்பாள், கூப்பிட்டால் திரும்பியிருப்பாள், பொம்மைக்குச் சோறு ஊட்டியிருப்பாள். வீட்டில் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட குழந்தைகள் நிறையப் பேர் தாமதமாகப் பேசினாலும், மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். இரண்டு குழந்தைகளையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேறுபாடு தெரிய யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதைத்தான் கேட்கிறோம்.

பெயர் ஒட்டுவது பற்றிய உங்கள் கவலை நியாயமானது. எம்-சாட்டில் மதிப்பெண் அதிகம் வந்துவிட்டாலே ஆட்டிசம் என்று ஆகிவிடாது. இதன் திருத்திய வடிவத்தை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. தொடர் கேள்விகளுக்குப் பிறகும் சந்தேகம் நீங்காத குழந்தைகளை முழுமையாகப் பரிசோதித்ததில் 47 சதவீதம் பேருக்கு ஆட்டிசம். ஏறக்குறைய பாதிதான். ஆனால் அதே கூட்டத்தில் 95 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலைப்பட வேண்டிய விஷயமோ இருந்தது. ஆட்டிசமோ இல்லையோ, கிட்டத்தட்ட எல்லோருக்கும் உதவி தேவைப்பட்டது.

பயிற்சி தொடங்க அந்தப் பெயர் தேவையும் இல்லை. சீட்டில் "வளர்ச்சித் தாமதம்" என்று மட்டும் எழுதியிருக்கும் குழந்தைகளோடு தினமும் வேலை செய்கிறேன்.

மொபைலை நிறுத்தச் சொல்வது சரி. இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்றுதான் நாங்களும் சொல்கிறோம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் நன்மைதான், முகம் பார்க்க நேரம் கிடைக்கும். ஆனால் மொபைல் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. "மொபைலை நிறுத்தி ஆறு மாதம் பார்ப்போம்" என்பதும் காத்திருப்பதற்கு இன்னொரு பெயர்தான். நிறுத்துங்கள், அதே வாரம் பரிசோதனைக்கும் போங்கள்.

வவுனியாவிலிருந்து

என்ரை மகனும் இரண்டு வயசிலை கதைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது கேள்விகள் கேட்டா. "பிள்ளை உங்கட முகத்தைப் பாக்கிறவரோ?" என்றா. நான் ஓம் என்றேன். "கூப்பிட்டால் திரும்புறவரோ?" ஓம். பொய் சொல்ல நினைக்கவில்லை. ஒரு நாளில் பத்துத் தரம் கூப்பிட்டு ஒருக்கால் திரும்பினால் தாய்மனம் அந்த ஒன்றைத்தான் நினைவில் வைக்கும்.

பிறகு வைத்தியர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன், இது என் பிழை மட்டும் இல்லையாம். இலங்கையில் 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளிடம் இதே எம்-சாட்டை மொழிபெயர்த்துச் செய்துபார்த்த ஆய்வு 2009இல் வந்தது. ஆட்டிசம் இருந்த பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கைத்தான் தாய்மாரின் பதில்களை வைத்துப் பிடிக்க முடிந்ததாம். மிச்சப் பேரின் தாய்மாரும் என்னைப் போல "ஓம்" சொல்லியிருப்பினம். அதனால்தான் பிறகு படங்களைக் காட்டிக் கேட்கிற முறை ஒன்றை அங்கே உருவாக்கினவை.

திண்டுக்கல் தங்கச்சி, படிவம் நிரப்பும்போது "எப்பவாவது செய்கிறாரா" என்று யோசிக்காதேங்கோ, "வழக்கமாகச் செய்கிறாரா" என்று யோசியுங்கோ. முடிந்தால் தூரத்தில் இருந்து வீடியோ எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கோ. அறைக்குள் அவை பார்க்கிற பத்து நிமிஷத்தில் பிள்ளை எப்படியும் அழுதுகொண்டுதான் இருக்கும்.

அங்கன்வாடிப் பணியாளர்

அக்கா சொன்ன வீடியோ யோசனை அருமை. எங்கள் மையத்திலும் பெற்றோரிடம் அதைச் சொல்லப்போகிறேன்.

பணம் இல்லை, மதுரைக்கும் சென்னைக்கும் அலைய முடியாது என்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் 2013இலிருந்து நடக்கிறது. அதன் நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. சந்தேகம் என்றால் டெய்க்குக்கு அனுப்புவார்கள். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்று பலகை இருக்கும், கேட்டால் எல்லோரும் டெய்க் என்றுதான் சொல்வார்கள். குழந்தை மருத்துவர், காது பரிசோதகர், பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி, சிறப்பாசிரியர் என்று ஒரே கூரையின் கீழ். கட்டணம் இல்லை. குழு வரும்வரை காத்திருக்க வேண்டாம், நேராகவே போகலாம்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். குழு வரும் நாளில் சந்தேகமுள்ள குழந்தையைத்தான் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். "எல்லார் முன்னாடியும் அழுவான், மானம் போயிரும்" என்பார்கள். போன முறை ஒரு குழந்தையை நானே போய் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

திண்டுக்கல் அம்மா

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு கணவரை உட்காரவைத்து இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். படிவத்தை இருவரும் தனித்தனியாக நிரப்பினோம். எனக்கு 11 வந்தது, அவருக்கு 9. அவர் அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. காலையில் அவரே, "வியாழக்கிழமை லீவு போடுறேன்" என்றார்.

இன்னொரு கேள்வி. கேட்கவே பயமாக இருக்கிறது. 16 மாதத்தில்தான் தட்டம்மை ரூபெல்லா இரண்டாவது ஊசி போட்டோம். அதே மாதத்தில்தான் சொற்கள் நின்றன. நாத்தனார் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். நான் வேலைக்குப் போனதும் ஒரு காரணமாம். நானேதான் கெடுத்துவிட்டேனா?

கடலூர் தகப்பன்

இல்லை. இதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்: இல்லை.

என் மனைவியும் இதே கேள்வியோடு ஒரு வருடம் தூங்காமல் இருந்தாள். அதனால் தேடித் தேடிப் படித்தேன். ஊசிப் புரளி 1998இல் இங்கிலாந்தில் வந்த ஒரு கட்டுரையில் தொடங்கியது. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது, எழுதியவரின் மருத்துவ உரிமமும் போனது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை. நம் ஊரில் இரண்டாவது ஊசி 16 முதல் 24 மாதத்துக்குள் போடுகிறார்கள். சில ஆட்டிசக் குழந்தைகளுக்குச் சொற்கள் தொலைவதும் பெரும்பாலும் அதையொட்டிய மாதங்களில்தான். இரண்டும் ஒரே சமயத்தில் வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தாயைக் குற்றம் சொல்வது இன்னும் பழைய கதை. ஆட்டிசத்தை 1943இல் முதலில் விவரித்து எழுதிய லியோ கேனரே பெற்றோரிடம் பாசம் போதவில்லை என்பது போல எழுதினார். அதற்கப்புறம் இருபது, முப்பது வருடம் அமெரிக்காவில் அம்மாக்களைத்தான் குற்றவாளியாக்கினார்கள். 1977இல் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு இது மரபணுவோடு தொடர்புடையது என்று காட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு ஓயத் தொடங்கியது. வேலைக்குப் போன அம்மாவால் வருவதில்லை. வீட்டிலேயே இருந்த என் மனைவியின் பிள்ளைக்கும் வந்ததே.

தமிழில் இதற்கு "மன இறுக்கம்" என்று பேப்பரில் எழுதுகிறார்கள். அந்தச் சொல்மேல் எனக்குத் தீராத வருத்தம். கேட்பவர் என்ன நினைப்பார்? யாரோ பிள்ளையின் மனதை இறுக்கிவிட்டார்கள் என்றுதானே. என் மகள் மனதில் ஓர் இறுக்கமும் இல்லை. மழை பெய்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்துச் சிரிப்பாள்.

கடைசியாக ஒன்று. பரிசோதனை முடிவு வந்த மறுநாளே யாராவது வந்து ஸ்டெம் செல் சிகிச்சை, குணமாகிவிடும், சில லட்சம்தான் என்பார்கள். எங்களிடமும் வந்தார்கள். நகையை அடகு வைக்கும் வரை போய்த் திரும்பினோம். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமே 2022இல் சொல்லிவிட்டது. அந்தப் பணம் பயிற்சிக்கும் பஸ் செலவுக்கும் இருக்கட்டும்.

திண்டுக்கல் அம்மா

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

பெரா எடுத்தோம். முதல் நாள் இரவு 12 வரை அவனைத் தூங்கவிடாமல் வைத்திருந்து, காலையில் நாலரைக்கே எழுப்பி, பஸ்ஸில் கண் அசராமல் பார்த்துக்கொண்டு போனோம். அங்கே மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. கேட்டதும் அழுதேன். சந்தோஷத்திலா, அடுத்தது என்ன என்று தெரிந்ததாலா, சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் டெய்க்கில் மூன்று நாள் வரவழைத்துப் பார்த்தார்கள். வவுனியா அக்கா சொன்ன மாதிரி எடுத்த வீடியோ, டப்பா மூடி சுழற்றுவது, அதைத்தான் டாக்டர் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். ஆட்டிசத்துக்கான அறிகுறிகள் தெளிவாக இருக்கின்றன, இரண்டரை வயதில் முழு மதிப்பீடு மறுபடி செய்வோம், பயிற்சி இன்றே தொடங்கலாம் என்றார். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு ஐசா என்ற 40 அம்ச மதிப்பீடு அப்புறம் செய்துகொள்ளலாமாம். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும் என்றார்கள்.

வாரத்தில் இரண்டே அமர்வுகள், தலா 45 நிமிடம். இது போதுமா என்று தவிப்பாக இருக்கிறது. வாரத்துக்கு 25 மணிநேரம் வேண்டும் என்று எங்கோ படித்தேன். அதற்கு நாங்கள் எங்கே போவது?

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை

22 மாதத்துக்குள் தொடங்கிவிட்டீர்கள். என்னிடம் வரும் குழந்தைகளில் பெரும்பாலானோர் மூன்றரைக்கு மேல்தான் வருகிறார்கள்.

அந்த இரண்டு அமர்வுகளில் உங்கள் பிள்ளைக்கு மட்டும் பயிற்சி கொடுத்து அனுப்பினால் போதாதுதான். உங்களுக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2016இல் வெளிவந்தது. நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள்தான் வீடுகளுக்குப் போனார்கள். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்டிப் பேசினார்கள். பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுத்துப் பெற்றோர் பேசுவது கூடியது, பிள்ளைகள் தாமாக வந்து தொடர்புகொள்வதும் கூடியது. நம்மைப் போன்ற ஊர்களில் நடந்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனி நம்பிக்கை.

வீட்டில் விலை உயர்ந்த பொம்மை எதுவும் வேண்டாம். பருப்பு கடையத் தெரியுமல்லவா? அவன் உள்ளங்கையில் உங்கள் முழங்கையை வைத்துக் கடையுங்கள், எல்லோருக்கும் ஒவ்வொரு விரலாகச் சோறு கொடுங்கள், நண்டு ஊர்ந்து கைமேல் ஏறிக் கக்கத்துக்குப் போகட்டும். தினமும் அதே வரிசை, அதே குரல். பத்து நாள் கழித்து, கக்கத்துக்கு ஒரு சாண் முன்னால் விரலை நிறுத்திவிடுங்கள். பேசாதீர்கள். முகத்தை அவன் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவன் பார்த்தாலோ, கையை இழுத்தாலோ, ஒரு சத்தம் கொடுத்தாலோ, அந்த நொடியே கிச்சுகிச்சு. அவன் கேட்டதற்குப் பதில் கிடைத்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

டப்பா மூடியைப் பிடுங்காதீர்கள். எதிரில் நீங்களும் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, இன்னொரு மூடியைச் சுழற்றுங்கள்.

திண்டுக்கல் அம்மா

செய்துகொண்டிருக்கிறேன் மேடம். பெயருக்கு இன்னும் திரும்புவதில்லை. சொல் எதுவும் வரவில்லை. மூடி சுழற்றும்போது எதிரில் படுத்தால் முதல் நான்கு நாள் எழுந்து போய்விட்டான், இப்போது போவதில்லை.

நேற்றுப் பருப்பு கடைந்தது மாமியார். அவர் வசம்பை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார், என்னைவிட நன்றாகவே செய்கிறார். பாதியில் விரலை நிறுத்திவிட்டு அவரும் எண்ணினார், வாய்விட்டே எண்ணினார். மூன்று சொல்வதற்குள் அவன் உள்ளங்கையை விரித்து அவர் மடியில் வைத்தான். முகத்தைப் பார்த்தானா என்று நான் சமையலறையிலிருந்து ஓடிவருவதற்குள் கிச்சுகிச்சு முடிந்துவிட்டது. பார்த்தான் என்று மாமியார் அடித்துச் சொல்கிறார்.

இன்று செல்போனை அலமாரியில் சாய்த்துவைத்து வீடியோ எடுக்கப்போகிறேன். வியாழன் 11 மணிக்கு அடுத்த அமர்வு, அங்கே காட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.